ஏரிக்கரையில் சொல்ல வேண்டியது

14 ஜூலை, திங்கள்

பெர்மாஸ் ஜெயா வீட்டுல கிளம்பும்போது காலையில தூறல். கூலாய் தாண்டினதும் வெயில், கண்ணு கூசுற வெயில். துணிய வெளிய காயப் போட்டுட்டே வந்திருக்கலாம்.

இவர் வழக்கம்போல இருட்டுலயே எழுந்து குளிச்சு, சட்டை மாட்டி, சோபாவுல உக்காந்துட்டாரு. மத்தியானத்துக்கு மேலதான் ஹோட்டல்ல ரூம் தருவாங்கன்னு நேத்தே சொல்லியாச்சு. கேட்டா, "பார்டர் கஸ்டம்ல ஜாம் ஆயிரும்." நாம போறது ரெங்கம் பக்கம், அங்க ஏது கஸ்டம்னேன். "ஆமால்ல"ன்னாரு. முப்பது வருஷமா மோட்டோ பைக்குல பாலம் தாண்டி சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்குப் போய் வந்த மனுஷன். ரிட்டயர் ஆகி மூணு வாரம் ஆச்சு. உடம்புக்கு இன்னும் தெரியல.

கட்டிட்டு வந்தது: நெத்திலி சம்பல் ஒரு டப்பா, மேகி, கெட்டில் (ரூம்லயே இருக்கும்னு சொன்னா இவர் நம்பல), மழைக்கோட்டு, தைலம், என் முட்டிக்கு மாட்டுற உறை, புதுச் சேலை ஒண்ணு. சேலை எதுக்குன்னு எனக்கே தெரியல.

ஹைவேய விட்டு இறங்கினா செம்பனைத் தோட்டம். அப்புறமும் செம்பனை. வழி தப்பிட்டோம்னு முடிவு பண்ணி சண்டைக்குத் தயாராயிட்டேன். அப்போ ஒரு கேட். உள்ள புல்வெளி, சரிவு, கீழ ஏரி. சண்டைய மறந்துட்டேன்.

கவுண்டர்ல அடையாளத்துக்கு ஐ.சி. கார்டு கேட்டாங்க. இவர் டக்குனு பாஸ்போர்ட்ட எடுத்து நீட்டிட்டாரு. கவுண்டர்ல இருந்தவங்க சிரிச்சுட்டாங்க. "அங்கிள், இது இன்னும் மலேசியாதான்." பாஸ்போர்ட் புத்தம் புதுசா இருந்துச்சு. எத்தனையோ பாஸ்போர்ட் முடிச்சவர் இவர், எல்லாத்துலயும் ஒரே ஊரு சாப்பு, ஒரே முத்திரை. ரிட்டயர் ஆனப்புறமும் அத சட்டைப்பையில வச்சுக்கிட்டு அலையணுமா. வாய்விட்டே கேட்டேன். உள்ள வச்சுக்கிட்டாரு.

ரூம் எங்க வீட்டு ஹாலை விட பெருசு. கட்டில் அதுக்கு மேல. தலகாணி எத்தனை, நான் எண்ணல. மேசையில பழம், பூ, எலுமிச்சம்புல் போட்ட தண்ணி. குளிக்கிற தொட்டி ஜன்னலோரமா. ஏரியப் பாத்துக்கிட்டே குளிக்கணுமாம். ஏரியில படகுல போறவன் நம்மளப் பாக்க மாட்டானா? இவர்கிட்ட கேட்டேன். "நம்மளப் பாத்து அவன் என்ன பண்ணப் போறான்"னாரு. நியாயந்தான்.

கெட்டில் இருந்துச்சு. கெட்டிலை மட்டும் கையில தூக்கிக் காட்டினேன். முகத்த ஏரிப் பக்கம் திருப்பிக்கிட்டாரு.

மக கீதாகிட்ட இருந்து மெசேஜ். "ரூம் புடிச்சிருக்காம்மா? அப்பா நல்ல மூட்ல இருக்கும்போது சொல்லிடுங்க. ஏரியப் பாத்துக்கிட்டே சொல்லுங்க."

அதுக்குத்தானே அவ இந்த ரூமே போட்டுக் குடுத்தா. அப்பாவுக்கு ரிட்டயர்மெண்ட் பரிசுன்னு பேரு.

விஷயம் இதுதான். செப்டம்பர்ல கீ.க்குப் பிரசவம், அவ இருக்கிற பெர்த் ஊர்ல. தலைப்பிள்ளை. ஆகஸ்ட் கடைசியில நான் கிளம்பணும், டிக்கெட் எடுத்தாச்சு. மூணு மாசம். நான் மட்டும். இவர்கிட்ட இன்னும் வாயத் திறக்கல.

மார்ச்ல, நோன்பு மாசத்துல கீ. போன்ல கேட்டா, அப்பாவும் வருவாரான்னு. "அவருக்கு ஏது லீவு"ன்னுட்டேன். ஜூன்ல ரிட்டயர்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாய் அதையே சொல்லிடுச்சு. யார் கூப்பிட்டாலும் முப்பது வருஷமா அதான் என் பதில். இவருக்கு லீவு இல்ல. இந்தப் பக்கத்துல சிங்கப்பூர் வேலைக்காரன் பொண்டாட்டி அத்தனை பேருக்கும் மனப்பாடம். அப்புறம் திருத்திக்கலாம்னு விட்டேன். அதுக்குள்ள கீ. எல்லாம் முடிச்சுட்டா. ஒரு டிக்கெட், ஹால்ல ஒரு மடக்குக் கட்டில்.

இவரும் ஒரு வார்த்தை கேக்கல. பேரப்பிள்ளைன்னு ஒரு ஆசை இருக்கிறதாவே காட்டிக்கல. கேக்காத ஆள்கிட்ட எங்க இருந்து ஆரம்பிக்கிறது? தனியா இருந்தா நிம்மதியா டிவி பாப்பாரு, அப்படின்னு மனச சமாதானம் பண்ணிக்கிட்டேன்.

சாயந்தரம் ஏரியச் சுத்தி நடந்தோம். சொல்ல வாயெடுத்தேன். "இங்க கொசு இருக்கு"ன்னாரு. திரும்பி வந்துட்டோம்.

15 ஜூலை, செவ்வாய்

பனிமூட்டம். எட்டு மணி வரைக்கும் ஏரி இருக்கிற இடமே தெரியல. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு, முதல்ல படகுத்துறை, அப்புறம் அந்தக் கரை.

காலையில பசியாற ஏகப்பட்ட வகை. நாசி லெமாக், கஞ்சி, ரொட்டி சானாய், தோசை. தோசை சுடுறவரு பங்களாதேஷ்காரர், தோசை பரவால்ல, சட்னிய எழுத வேண்டாம்.

பக்கத்து ரூம்ல மூவார் ஊர்க்காரங்க. துணிக்கடை நடத்தி மகன்கிட்ட விட்டுட்ட செட்டியார், அவர் வீட்டம்மா அழகம்மை ஆச்சி. ரெண்டு பேரும் எதுக்கெடுத்தாலும் மல்லுக்கட்டு. செட்டியாருக்கு சர்க்கரை வியாதி. அவர் தட்டுல இனிப்புக் குவே எடுத்து வச்சா ஆச்சி அதைத் தூக்கித் தன் தட்டுல போட்டுக்கிறாங்க. அவர் ஆச்சி தட்டுல இருந்து எடுத்துச் சாப்பிடுறாரு. ஆச்சி பாத்தும் பாக்காத மாதிரி இருக்காங்க. நாற்பது வருஷம் ஒரே கடையில ஒரே கல்லாப்பெட்டிக்குப் பின்னாடி உக்காந்தவங்களாம். பொறாமையா இருந்துச்சு. சண்டை போடவும் நேரம் வேணும்ல.

எங்கள அவங்க மேசைக்கே கூப்பிட்டுட்டாங்க. ஆச்சி இவர்கிட்ட, "தம்பி என்ன வேலையில இருக்கீக?"

"ரிட்டயர் ஆயிட்டேன் ஆச்சி." சொல்லும்போது நிமிர்ந்து உக்காந்தாரு. "இன்னைக்கு செவ்வாக்கிழமை. சுகமில்லன்னு எம்.சி. போட்டுட்டு ஊர் சுத்துற மாதிரி பயமா இருக்கு."

செட்டியார் விழுந்து விழுந்து சிரிச்சாரு. எனக்குப் புதுசா இருந்துச்சு. இவருக்கு இப்படிப் பேச வரும்னே தெரியாது.

"இனிமே என்ன செய்யப் போறதா உத்தேசம்?" இது ஆச்சி.

"பேரப்பிள்ளை வருது ஆச்சி. பிரசவத்துக்கு முன்னாடி, அடுத்த மாசக் கடைசி வாக்குல பெர்த் போறோம். ரெண்டு பேரும்."

கஞ்சி கரண்டி அப்படியே நின்னு போச்சு என் கையில.

இவர் நிறுத்தல. மக வீட்டுக்குப் பக்கத்துல ஒரு பார்க் இருக்காம், உள்ள ஏரி, இதை விடச் சின்னது, கறுப்பு அன்னம் நீந்துமாம். போன்ல மேப்புல பாத்தாராம். வீட்டுல இருந்து அங்க நடந்தே போயிரலாமாம், குழந்தைய வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டு. "நேத்து இங்க நடந்து பாத்தேன். ஒரு சுத்துக்கு மூச்சு வாங்கல"ன்னாரு. நேத்து கொசுவுக்குப் பயந்து திரும்பிட்டாருன்னு நான் நினைச்சேன். நான் தூங்கினப்புறம் தனியா போய் சுத்தி நடந்திருக்காரு.

ஆச்சி என் தொடையைத் தட்டி, "குடுத்து வச்சவ நீ. எங்க பேரம்பேத்திக எல்லாம் வெளிநாட்டுல பொறந்தப்ப எங்களால கடைய விட்டு நகர முடிஞ்சதா"ன்னாங்க.

சிரிச்சேன். வேற என்ன செய்ய.

ரூமுக்கு வந்து கீ.க்குப் போன் அடிச்சேன். எடுக்கல. வேலையில இருப்பா. "அவசரமில்ல, கூப்பிடு"ன்னு மெசேஜ். அவசரந்தான்.

மத்தியானம் இவர் வெராண்டா நாற்காலியில தூங்கிட்டாரு. வாய் திறந்து, கை தொங்கி. பகல்ல இவர் தூங்கிப் பாத்ததில்ல. ஞாயித்துக்கிழமைன்னா ஓ.டி. வேலை, ஓ.டி. இல்லன்னா மோட்டோவ ரிப்பேர் பண்ணுவாரு. நான் பக்கத்துல உக்காந்து யோசிச்சேன், இவர் இல்லாம நான் மட்டும் போன இடம் எல்லாம்.

என் தம்பி கல்யாணம்.
பாலோவுல இருந்த பெரியம்மா சாவு.
கீ. பள்ளிக்கூடத்துல பரிசு வாங்கினது, ரெண்டு தடவை.
கீ. காலேஜ் சேந்தது.
தைப்பூசம், எல்லா வருஷமும்.
கீ. சடங்குக்கு வந்தாரு. மாலை போட்டு போட்டோ எடுத்துக்கிட்டாரு. சாப்பிடாம ஷிப்டுக்குப் போயிட்டாரு.

இதுல பாதிக்கு நான் இவரைக் கேக்கவே இல்ல. அதான் இப்போ குத்துது. அலுத்துப் போய் வர்றாரு, தொந்தரவு பண்ண வேண்டாம்னு நானே முடிவு பண்ணிருவேன். கல்யாணப் பத்திரிக்கை வந்தா மேசை மேல கூட வைக்க மாட்டேன். பாத்தா ஆசை வரும், வந்தா லீவு கேக்கணும், லீவு கேட்டா சம்பளம் போகும். நல்லதுதான் பண்றேன்னு நினைச்சேன். இவருக்கு ஆசை இருந்துச்சான்னு ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். கேக்க எவ்வளவு நேரம் ஆகும்.

சாயந்தரம் எழுந்து, ரெண்டு பேரும் சம்பல் தொட்டு மேகி தின்னோம், இம்மாம் பெரிய ஹோட்டல்ல. கதவைச் சாத்திக்கிட்டு, வாசம் வெளிய போகாம. திருட்டுத்தனமா சிரிச்சுக்கிட்டோம்.

கேட்டேன், "தினமும் அந்த ஜாம்ல மோட்டோவ நிறுத்தி என்னதான் யோசிப்பீங்க?"

"வீட்டுல இன்னைக்கு என்ன கறின்னு யோசிப்பேன்."

"அவ்வளவுதானா?"

சம்பல் டப்பாவ மூடி வச்சாரு. அப்புறம், "கீதா முழிச்சிருப்பாளான்னு யோசிப்பேன். அஞ்சாம் வகுப்பு வரைக்கும். அப்புறம் அவ முழிச்சுதான் இருப்பா, ரூம் கதவு சாத்தியிருக்கும்."

இதுக்கு மேல டிக்கெட் விஷயத்தச் சொல்ற அளவுக்கு எனக்குத் தெம்பு இல்ல.

16 ஜூலை, புதன்

காலையில நல்ல வெளிச்சம், பதினோரு மணிக்கு மேல மழை. மலைப் பக்கம் கறுத்துக்கிட்டு வந்து ஒரே கொட்டு.

மழைக்கு முன்னாடி படகு. சேலை கட்டிக்கிட்டேன், எதுக்குக் கொண்டு வந்தேன்னு இப்போ தெரிஞ்சுச்சு. துடுப்பு இவர்தான் போட்டாரு. வெல்டிங் பிடிச்ச கை, பலம் இருக்கு, ஆனா ஒரே பக்கம் இழுக்குது. படகு சுத்துது, நேரா போக மாட்டேங்குது. கரையில இருந்து செட்டியார் கையக் காட்டி ஏதோ கத்துறாரு, ஆச்சி அவர அதட்டுறாங்க. நான் சிரிச்சு சிரிச்சு இருமல் வந்துருச்சு. இவரும் சிரிச்சாரு. முன்பல்லு ஒண்ணு கறுத்திருக்கு. எப்போ இருந்து அப்படி? நான் கவனிக்கவே இல்ல.

நடு ஏரியில துடுப்ப மடியில வச்சுட்டு, சட்டைப்பையில கைய விட்டாரு. பாஸ்போர்ட். பிளாஸ்டிக் பையில போட்டுப் பத்திரமா வச்சிருக்காரு.

"இதப் பாரு."

விரிச்சேன். முதல் பக்கத்துல இவர் படம், முறைச்சுக்கிட்டு. மத்தது எல்லாம் வெறும் தாள்.

"பழசுக்கு இன்னும் நாள் இருந்துச்சு. இது புதுசா எடுத்தது. ரிட்டயர் ஆன மறுநாள் போய் எடுத்தேன். இதுல மொதல் சாப்பு சிங்கப்பூர் சாப்பா இருக்கக் கூடாது. பட்டறைப் பசங்க சாப்பிடக் கூப்பிட்டாங்க, நான் போகல. மொதல்ல பெர்த். அதுக்கப்புறம் எங்க வேணாலும் அடிச்சுக்கட்டும்."

தண்ணியப் பாத்துக்கிட்டே இருந்தேன். பேசினா அழுதுருவேன். அழுதா ஏன்னு கேப்பாரு. "நல்ல போட்டோ"ன்னு சொன்னேன்.

"முறைக்கிறேன்ல. சிரிக்கக் கூடாதுன்னுட்டாங்க."

மழைத் துளி விழுந்துச்சு. அவசரமா துடுப்புப் போட்டு, பாதி நனைஞ்சு கரை ஏறினோம். இவர் தலையத் துவட்டிக்கிட்டே, "ஆகஸ்ட்ல அங்க குளிர் எப்படி, கீதா ஏதாச்சும் சொன்னாளா? டிக்கெட்டு தேதி சொன்னாளா?"ன்னாரு. சொல்லுவா சொல்லுவான்னு குளியலறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். அந்தத் தொட்டி விளிம்புல உக்காந்திருந்தேன்.

மூணு மணிக்குக் கீ. கூப்பிட்டா. ஹோட்டலுக்குள்ள ஓடுற பகி வண்டி நிக்கிற கொட்டகைக்குப் போய்ப் பேசினேன், மழை சத்தத்துல இவருக்குக் கேக்காது.

சொன்னேன், அப்பா வரணும்னு நினைக்கிறாரு, இன்னொரு டிக்கெட் போடு, பணம் நாங்க தர்றோம்.

"அம்மா, நீங்கதானே லீவு இல்லன்னீங்க?"

"தப்பா சொல்லிட்டேன்."

"இப்போ வந்து சொன்னா எப்படிம்மா. இருக்கிறது ஒரு ரூம். நீங்க ஹால்ல. அப்பா எங்க படுப்பாரு?"

கீழ படுப்பாரு, அவருக்கு என்ன, பட்டறை பெஞ்சுல படுத்தவருன்னேன். பாய் ஒண்ணு கொண்டு வந்துடுறோம்னேன்.

அப்புறம் குரல் மாறிடுச்சு. "அம்மா, கோவிச்சுக்காதீங்க. குழந்தை பொறந்து நான் எந்தக் கோலத்துல இருப்பேன்னு தெரியாது. பால் குடுக்கணும். அழுவேன். அந்தச் சின்ன வீட்டுல அப்பா முன்னாடி எனக்கு முடியாதும்மா. அவர் நல்லவருதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா எனக்கு அவர் ஒரு அங்கிள் மாதிரி. என்ன பேசுறதுன்னே தெரியல. நீங்கதான் எனக்கு எல்லாம் பேசுவீங்க, அவருக்கும் சேத்து."

அவ சொன்னதுல பொய் இல்ல. போன் வந்தா நான்தான் எடுப்பேன், "அப்பா வேலை"ன்னு நானே பேசி நானே வச்சுருவேன். ரெண்டு பேருக்கும் நடுவுல நல்லா பெருசா உக்காந்துக்கிட்டு இருந்திருக்கேன். எனக்கு அது கொஞ்சம் பெருமையாவும் இருந்திருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன்.

"குழந்தைக்கு ஆறு மாசம் ஆகட்டும்மா. அப்போ அப்பா வரட்டும். கட்டாயம் வரட்டும்."

சரின்னேன். அவ அழுதா. அழாதே, வயித்துல பிள்ளை இருக்குன்னு அதட்டினேன். நான் போகலன்னு சொல்லிடலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. முதல் பிரசவம். அவளுக்கு மாமியாரும் இல்ல. எப்படிப் போகாம இருக்கிறது?

திரும்பி வந்தா இவர் ஆச்சிகூட வெராண்டாவுல. ஆச்சி இவரைப் பக்கத்துல உக்கார வச்சுக் கணக்கா சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்காங்க, பிள்ளைபெத்தவளுக்கு என்னென்ன குடுக்கலாம், எது ஆகாது. இவர் தலைய ஆட்டி ஆட்டிக் கேக்குறாரு. "பெருங்காயமா, பூண்டா?"ன்னு திருப்பிக் கேக்குறாரு. பூண்டு உரிக்கத் தெரியுமா இவருக்கு?

"உங்க வீட்டுக்காரர் நல்ல வாத்தியார்கிட்ட மாட்டியிருக்காரு"ன்னாரு செட்டியார். "எனக்கு இத்தனை வருஷத்துல ஒரு நாள் இப்படிப் பொறுமையா சொன்னதில்ல."

"நீங்க கேட்டீகளா?"ன்னாங்க ஆச்சி.

எல்லாரும் சிரிச்சாங்க. நான் துணி நனைஞ்சிருக்குன்னு சொல்லிட்டு உள்ள வந்து இத எழுதுறேன். மழை விட்டுருச்சு. ஏரி செம்மண் கலங்கிக் கெடக்கு. நாளைக்குக் காலையில சொல்லிரணும். காருல வச்சு சொல்லக் கூடாது, ஓட்டுறவரு.

17 ஜூலை, வியாழன்

வெயில். காத்து இல்ல. இவர் கார் எடுத்து வரப் போயிருக்காரு, பெட்டி கட்டியாச்சு, அதுக்குள்ள எழுதிரணும்.

காலையில நான் எழுந்தப்போ வெராண்டாவுல தேத்தண்ணி போட்டு வச்சிருந்தாரு. நம்ம கெட்டில்ல. ஹோட்டல் கெட்டில் மெதுவாம். சீனி அளவா இருந்துச்சு, நான் குடிக்கிற அளவு. எப்படித் தெரியும்னு கேக்கல.

உக்காந்து சொல்லிட்டேன். சுத்தி வளைக்கல. டிக்கெட் ஒண்ணுதான் எடுத்திருக்கு, என் பேருக்கு, மூணு மாசம், உங்களுக்கு இப்போ இடம் இல்ல, ஆறு மாசம் கழிச்சுப் போகலாம். தீபாவளிக்கு நான் இருக்க மாட்டேன். எல்லாத்தையும் ஒரே மூச்சுல. என் கையில இருந்த தேத்தண்ணி ஆறிப் போச்சு.

ஏரியப் பாத்துக்கிட்டே இருந்தாரு. படகுக்காரர் நேத்து நனைஞ்ச படகைக் கவுத்துப் போட்டுக்கிட்டு இருந்தாரு. அது முடியுற வரைக்கும் பாத்தாரு.

அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "கீதா வேணாம்னாளா, நீ சொன்னியா?"

"நான்தான். அவ உங்களைக் கேட்டா. லீவு இல்லன்னு நான்தான் சொல்லிட்டேன். பழக்கத்துல வந்துருச்சு. அத வச்சு அவ ஏற்பாடு பண்ணிட்டா."

இது பொய் இல்ல. முழு உண்மையும் இல்ல. கொட்டகையில கீ. சொன்னது இந்த நோட்டுலயே இருக்கட்டும். இவர் காதுக்குப் போக வேண்டாம். என் மேல கோவப்பட்டா தாங்கிக்குவேன். 'அங்கிள்'ங்கிற அந்த ஒரு வார்த்தைய இவர் தாங்க மாட்டாரு.

கோவப்படல. பட்டிருந்தா தேவலாம். "அவ கேட்டாளா?"ன்னு மட்டும் திரும்பக் கேட்டாரு.

"கேட்டா."

"ம்." மூஞ்சி கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருந்துச்சு. அதப் பாக்க எனக்கு இன்னும் மோசமா இருந்துச்சு.

"நானும் போகலங்க"ன்னேன். அந்த நேரம் நிஜமாவே அப்படித்தான் நினைச்சேன்.

"சும்மா இரு. அவளுக்கு இப்போ நீதான் வேணும். நான் போய் என்ன செய்யப் போறேன், பூண்டு உரிக்கவா?" எழுந்து கப்பு ரெண்டையும் கழுவி வச்சாரு. ஹோட்டல் கப்பு, கழுவ ஆள் வருவாங்க. சட்டை மாட்டும்போது பாத்தேன். பாஸ்போர்ட்டப் பையில வைக்கல. பெட்டிக்குள்ள, துணிக்கு அடியில வச்சாரு.

பசியாறப் போனோம். வேற மேசை பாக்கலாம்னு நான் இழுத்தேன், ஆச்சி கையக் காட்டிக் கூப்பிட்டுட்டாங்க. அவங்களும் இன்னைக்குத்தான் மூவாருக்குத் திரும்புறாங்க. செட்டியார் முன்னாடி ஒரு தட்டு நிறைய குவே, ஆச்சி காவல்.

"தம்பி, வீட்டுக்குப் போனதும் மொத வேலையா நல்ல குளிர்ச்சட்டை வாங்கிருங்க. இங்க போடுறது அங்க தாங்காது."

நான் தலையக் குனிஞ்சு கஞ்சியக் கலக்கினேன்.

"வசந்தாதான் போறா ஆச்சி"ன்னாரு, சாதாரணமா, தோசையப் பிச்சுக்கிட்டே. "எனக்கு லீவு கெடைக்கல."

செட்டியார் என்னைப் பாத்தாரு. ஆச்சி அவரைப் பாத்தாங்க. அப்புறம் ஆச்சி அந்தக் குவே தட்ட எடுத்து இவர் பக்கம் நகர்த்தி வச்சாங்க.

இவர் ரெண்டு எடுத்துக்கிட்டாரு. ஒண்ண என் தட்டுல வச்சாரு.